போக்கரில் நீண்ட காலத்தில் வெல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்கரில் பல வகைகள் உண்டு. கீழே உள்ள பதில்கள் அனைத்தும், இன்று உலகெங்கும் பரவலாக ஆடப்படும் ‘நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டம்’ வகையைப் பற்றியவை. பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு இல்லை என்பதே ‘நோ லிமிட்’. கணக்குகளுக்கு 1 டாலர், 2 டாலர் பிளைண்டு கொண்ட மேசையையும் ஆளுக்கு 200 டாலர் சிப்ஸையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். லாஸ் வேகாஸ் கார்டு ரூம்களில் தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் அமரும் மேசைகளில் இதுவும் ஒன்று.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). கைச்சீட்டு இரண்டும் பொதுச்சீட்டு ஐந்துமாக ஏழில் சிறந்த ஐந்தே உங்கள் கை. சீட்டு கொடுத்தவுடன் ஒரு முறையும், பொதுச்சீட்டு திறக்கும் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஒரு முறையுமாகப் பந்தயம் நான்கு சுற்று நடக்கும். டீலர் பட்டனுக்கு (சீட்டு கொடுப்பவரின் இடத்தைக் காட்டும் வில்லை; ஒவ்வொரு கைக்கும் ஓர் இருக்கை நகரும்) இடப்பக்கம் இருக்கும் இருவர் மட்டும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயத் தொகையைப் போட வேண்டும்; அதுதான் பிளைண்டு. நம் மேசையில் சிறியது 1 டாலர், பெரியது (பிக் பிளைண்டு) 2 டாலர். நடுவில் சேரும் மொத்தத் தொகை ‘பாட்’.

நம் ஊரில் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வரிசைச் சீட்டு, ஒரே சின்னச் சீட்டை வெல்லும். போக்கரில் நேர்மாறு: ஒரே சின்னத்தில் அமையும் ஐந்து சீட்டு (ஃப்ளஷ்), வரிசையாக அமையும் ஐந்து சீட்டை (ஸ்ட்ரெய்ட்) வெல்லும்.

சீட்டு விழுவது அதிர்ஷ்டம்தானே? பிறகு வெல்லும் உத்தி என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

ஒரே ஒரு கையை எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டமே பெரும்பங்கு வகிக்கிறது. இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜா வைத்திருப்பவரும் ஃப்ளாப்புக்கு முன்பே முழுத் தொகையையும் போட்டுவிட்டால், ஏஸ் வைத்திருப்பவர் ஏறத்தாழ 82 சதவீதம் வெல்வார். அதாவது, மேசையிலேயே மிகச் சிறந்த கையோடு, மிகச் சரியான முடிவை எடுத்த பிறகும், ஐந்து அல்லது ஆறு தடவைக்கு ஒரு தடவை அவர் எல்லாவற்றையும் இழப்பார். ஆனால் அதே சூழ்நிலை நூறு முறை வந்தால் பணம் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதில் ஐயமில்லை.

ரூலெட்டில் ஆட்டக்காரரின் எதிராளி காசினோ. அங்கே விகிதம் எப்போதும் காசினோவின் பக்கமே சாய்ந்திருக்கும். போக்கரில் எதிராளி மேசையில் இருக்கும் மற்ற மனிதர்கள். காசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ‘ரேக்’ என்ற கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்களுக்கு வரும் லாபம் மற்றவர்கள் செய்யும் தவறுகளிலிருந்து வருகிறது; உங்கள் நஷ்டம் நீங்கள் செய்யும் தவறுகளிலிருந்து போகிறது; ரேக் இரண்டு பக்கத்திலும் கழிகிறது. எனவே மற்றவர்களைவிடச் சற்றே குறைவாகத் தவறு செய்தால் மட்டும் போதாது, அந்தக் கட்டணத்தையும் தாண்டும் அளவுக்குக் குறைவாகச் செய்ய வேண்டும்.

எந்தக் கைகளை ஆட வேண்டும்?

52 சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. இவற்றில் இரண்டு ஏஸ் ஆறே வழிகளில்தான் வரும். அதாவது 221 கைக்கு ஒரு முறை. ஏதாவது ஒரு ஜோடி 17 கைக்கு ஒரு முறை வரும். நல்ல சீட்டு அரிதாக வருவதால், பொறுமையில்லாதவர் நடுத்தரக் கைகளை நல்ல கைகளாக எண்ணத் தொடங்குகிறார். தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் பணத்தை இழப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். ஒன்பது பேர் மேசையில் முதலில் முடிவெடுக்க வேண்டிய இருக்கையில் பத்துக் கைக்கு ஒன்றை ஆடினால் போதும்: நடுத்தர ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சின்னத்தில் அமைந்த சில பெரிய சீட்டுகள். டீலர் பட்டனில், முன்னால் இருப்பவர்கள் அனைவரும் விலகியிருந்தால், பத்துக்கு நான்கு கைவரை ஆடலாம்.

இரண்டு மயக்கங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, கையில் ஒரு ஏஸ் இருந்தாலே ஆடலாம் என்பது. உங்களிடம் ஏஸ்-ஒன்பது, எதிராளியிடம் ஏஸ்-ராணி என்றால், நீங்கள் எதிர்பார்த்த ஏஸ் ஃப்ளாப்பில் விழும்போதுதான் உங்களுக்குப் பெரிய நஷ்டம் வரும். இரண்டாம் சீட்டால் தோற்கிறோம் என்பது கடைசிவரை தெரியாமல் பணம் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். இரண்டாவது, ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வந்தால் எதுவானாலும் ஆடலாம் என்பது. அத்தகைய கைக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது நூற்றுக்கு ஒரு முறைகூட இல்லை. ஒரே சின்னம் என்பது ஏற்கெனவே நல்லதாக இருக்கும் கைக்குக் கிடைக்கும் சிறு கூடுதல் பலம். மோசமான கையை அது நல்ல கையாக்காது.

இருக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது?

ஃப்ளாப்புக்குப் பிறகு டீலர் பட்டனில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுக்கிறார். எதிராளி பந்தயம் கட்டினாரா, தயங்கினாரா, சும்மா விட்டாரா என்பதைப் பார்த்த பிறகு முடிவு செய்யும் வாய்ப்பு அவருக்கு மட்டுமே உண்டு. பாட்டைப் பெரிதாக்குவதும் சிறிதாகவே வைத்திருப்பதும் அவர் கையில் இருக்கிறது. ஏலத்தில் மற்றவர்கள் விலை சொல்லி முடித்த பிறகு வாய் திறப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் போன்றது இது.

பல்லாயிரம் கைகளின் கணக்கை இருக்கைவாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தால், தேர்ந்த ஆட்டக்காரரும் பிளைண்டு இருக்கைகளில் நஷ்டத்தில்தான் இருப்பார். அவருடைய லாபத்தின் பெரும்பகுதி பட்டனிலும் அதற்கு முந்தைய இருக்கையிலும் கிடைத்திருக்கும். எனவே “ஏற்கெனவே 2 டாலர் போட்டுவிட்டோமே” என்பதற்காக பிக் பிளைண்டைக் காப்பாற்றத் துணிவது வீண். போட்ட பணம் பாட்டைச் சேர்ந்தது, அது உங்களுடையதல்ல.

ஆட முடிவு செய்த கையோடு உயர்த்த வேண்டுமா, பிளைண்டுக்கு ஈடாக மட்டும் போட்டால் போதுமா?

உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வரவில்லை என்றால் உயர்த்துங்கள். பிக் பிளைண்டைப் போல இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை உயர்த்துவது வழக்கம். உயர்த்துபவர் இரண்டு வழியில் வெல்லலாம்: எல்லோரும் விலகலாம், அல்லது கடைசியில் அவர் கை பெரியதாக இருக்கலாம். ஈடாக மட்டும் போடுபவருக்கு இரண்டாம் வழி மட்டுமே மிஞ்சுகிறது.

‘பாட் ஆட்ஸ்’ என்றால் என்ன? அதை மேசையிலேயே எப்படிக் கணக்கிடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன். எதிராளியின் பந்தயத்துக்கு ஈடான தொகையைப் போட்டுத் தொடர்வது ‘கால்’. அப்படிக் கால் செய்ய நீங்கள் கொடுக்கும் தொகைக்கும், அதனால் கிடைக்கக்கூடிய தொகைக்கும் உள்ள விகிதமே பாட் ஆட்ஸ். ஒரு கையை முழுவதுமாக நடத்திப் பார்ப்போம்.

நீங்கள் பட்டனில் இருக்கிறீர்கள். கையில் ஆர்ட்டின் எட்டு, ஆர்ட்டின் ஏழு. முன்னால் ஒருவர் 8 டாலராக உயர்த்துகிறார், நீங்கள் கால் செய்கிறீர்கள், இரண்டு பிளைண்டுகளும் விலகுகிறார்கள். பாட்டில் 19 டாலர். ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் நான்கு, கிளாவர் இரண்டு விழுகின்றன. எதிராளி 10 டாலர் கட்டுகிறார். இப்போது பாட்டில் 29; நீங்கள் 10 போட்டால் 39 ஆகும். 39இல் 10 என்பது ஏறத்தாழ 26 சதவீதம். அதாவது, 26 சதவீதத்துக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே இந்த விலைக்கு வாங்கலாம்.

உங்களுக்கு வேண்டியது இன்னொரு ஆர்ட்டின். மொத்தம் 13 ஆர்ட்டினில் நான்கு கண்ணுக்குத் தெரிகின்றன, மீதி ஒன்பது. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 47. எனவே அடுத்த சீட்டே ஆர்ட்டினாக வரும் வாய்ப்பு 47க்கு 9, அதாவது 19 சதவீதம். மேசையில் வகுத்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை, ஒரு சீட்டு மட்டும் வரவிருந்தால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டும் கூடுதல் செலவின்றிக் கிடைக்கும் என்றால் நான்கால் பெருக்குங்கள். ஒன்பது சீட்டுக்கு 18, 36 என வரும். உண்மையான விடைகள் 19, 35.

வாய்ப்பு 19, தேவை 26. கணக்குப்படி சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும் போலத் தோன்றுகிறது. ஆனால் எதிராளியிடம் இன்னும் 182 டாலர் இருக்கிறது. ஆர்ட்டின் விழுந்தால் அதிலிருந்தும் கொஞ்சம் வரும். சராசரியாக 13, 14 டாலர் கூடுதலாகக் கிடைத்தாலே இந்த கால் ஈடாகிவிடும். அது நடக்கக்கூடியதே, எனவே ஃப்ளாப்பில் கால் செய்யலாம்.

டர்னில் இஸ்பேடு ராணி விழுகிறது, உங்களுக்குப் பயனில்லை. 39 டாலர் பாட்டில் எதிராளி 30 கட்டுகிறார். இப்போது தேவை 30 சதவீதத்துக்கு மேல். உங்கள் வாய்ப்போ 46க்கு 9, சுமார் 20 சதவீதம். ஈடாக வேண்டுமானால் ரிவரில் சராசரியாக இன்னும் 54 டாலர் கிடைக்க வேண்டும். மூன்றாவது ஆர்ட்டின் மேசையில் விழுந்ததைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள். சராசரியாக 54 டாலர் தர மாட்டார்கள். சீட்டைக் கீழே வையுங்கள். அடுத்து ஆர்ட்டின்தான் விழுந்தது என்று யாராவது காட்டினாலும் வருந்த வேண்டாம். அந்த விலைக்கு அதை வாங்கியிருக்கக் கூடாது.

சிறிய ஜோடி வந்தால் என்ன செய்வது?

கையில் இரண்டு ஐந்து இருந்தால், ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டரைக்கு ஒன்று. ஆகவே எதிராளியிடம் நீங்கள் கால் செய்யும் தொகையைப் போல 15 மடங்காவது மீதமிருந்தால் மட்டும் உள்ளே வாருங்கள். மூன்றாவது விழாமல் எதிராளி பந்தயமும் கட்டினால் பெரும்பாலும் தயங்காமல் விலகிவிடலாம்.

ப்ளஃப் எப்போது செய்ய வேண்டும்?

வலுவில்லாத கையோடு, வலுவான கை இருப்பதுபோல் பந்தயம் கட்டி எதிராளியை விலகவைப்பதே ப்ளஃப். புதியவர்கள் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி அல்ல. ப்ளஃபுக்கும் விலைக்கணக்கு உண்டு. பாட்டில் பாதித் தொகையைக் கட்டினால், மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினாலே ஈடாகிவிடும். முழுப் பாட் அளவுக்குக் கட்டினால் இரண்டில் ஒரு முறை விலக வேண்டும். எதிரே ஒருவர் இருந்து, அவர் 60 சதவீதம் விலகுவார் என்றால் முழுப் பாட் கட்டினாலும் லாபமே. அதே போன்ற இருவர் எதிரே இருந்தால், இருவரும் சேர்ந்து விலகுவது 36 சதவீதம் மட்டுமே. பலர் உள்ளே இருக்கும் பாட்டில் ப்ளஃப் செய்யாதீர்கள் என்று பழையவர்கள் சொல்வதன் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

ஒரு நல்ல ப்ளஃபுக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தும் கதை இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டார்கள். அதில் 25 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றவர் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். இறுதியில் அவரும் தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹாவும் மட்டும் மிஞ்சியிருந்தபோது நடந்த ஒரு கை இன்றும் பேசப்படுகிறது. மணிமேக்கரிடம் இஸ்பேடு ராஜாவும் ஒரு ஏழும். ஃபர்ஹாவிடம் ஒரு ராணியும் ஒரு ஒன்பதும். பொதுச்சீட்டில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு எனத் திறந்தபோது, அவற்றுள் மூன்று இஸ்பேடு. மணிமேக்கருக்கு இன்னொரு இஸ்பேடு வந்தாலும் ஐந்தோ பத்தோ வந்தாலும் வெற்றி. அந்த நிலையில்தான் அவர் எதிராளியின் பந்தயத்தை உயர்த்தினார். ரிவரில் பயனற்ற ஒரு மூன்று விழுந்தது. அவர் கையிலிருந்த அனைத்தையும் உள்ளே தள்ளினார். மேசையின் மிகப்பெரிய ஜோடியை வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டு விலகினார்.

துணிச்சலுக்காக அந்தக் கையைப் புகழ்கிறார்கள். நான் அதில் காண்பது ஒழுங்கு. உயர்த்தியபோது அவரிடம் வெல்வதற்கு உண்மையான வழிகள் இருந்தன. மூன்று இஸ்பேடு மேசையில் இருந்ததால் கதையும் நம்பும்படி இருந்தது. எதிரே இருந்தவர் விலகத் தெரிந்தவர். விலகவே தெரியாதவரிடம் அதே ப்ளஃப், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். சிறிய மேசைகளில் அத்தகையவர்களே அதிகம். அங்கே நல்ல கைக்குப் பெரிய பந்தயம் கட்டுவதே முதல் உத்தி.

எதிராளியின் கையை எப்படிக் கணிப்பது?

ஒரே ஒரு கையை அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் இதுவரை நடந்துகொண்டதற்குப் பொருந்தும் எல்லாக் கைகளையும் எண்ணுங்கள். ஃப்ளாப்பில் ராஜா, ஏழு, இரண்டு விழுந்து, நிதானமாக ஆடும் ஒருவர் பெரிதாகப் பந்தயம் கட்டினால், “மூன்று ஏழு வைத்திருக்கிறாரோ” என்ற அச்சம் முதலில் வரும். எண்ணிப் பாருங்கள்: மூன்று ராஜா அமைய மூன்று வழி, மூன்று ஏழுக்கு மூன்று, மூன்று இரண்டுக்கு மூன்று, ஆக ஒன்பது. ஏஸ்-ராஜா வர, மீதமுள்ள மூன்று ராஜாவும் நான்கு ஏஸும் சேர்ந்து பன்னிரண்டு வழி. அச்சம் சொல்வதைவிட, அவரிடம் ஏஸ்-ராஜா இருக்கும் வாய்ப்பே அதிகம் என்கிறது எண்ணிக்கை.

கை நடுங்குவது, கண் சிமிட்டுவது போன்ற அடையாளங்களைப் பற்றி மிகையாகச் சொல்லப்படுகிறது. எப்போது எவ்வளவு கட்டினார் என்ற வரிசையே பன்மடங்கு நம்பகமான அடையாளம். இதுவரை கால் மட்டும் செய்துவந்த அமைதியான ஒருவர் ரிவரில் திடீரென்று உயர்த்தினால், அவரை நம்புங்கள்.

சரியாக ஆடியும் தொடர்ந்து தோற்கிறேன். எங்கே தவறு?

தவறே இல்லாமலும் இருக்கலாம். நூறு கைக்கு ஐந்து பிக் பிளைண்டு லாபம் ஈட்டும் திறமையான ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நோ லிமிட் ஆட்டத்தில் ஏற்ற இறக்கத்தின் அளவு, நூறு கைக்குத் திட்டவிலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 90 பிக் பிளைண்டு என்ற அளவில் இருக்கும். 10,000 கையில் அவர் எதிர்பார்க்கும் லாபம் 500 பிக் பிளைண்டு; திட்டவிலக்கமோ 900. அதாவது இத்தகைய பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர் 10,000 கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். நேரடி மேசையில் மணிக்கு 25 கை என்று வைத்தால் 10,000 கைக்கு 400 மணி நேரம் ஆகும். வாரம் ஒரு மாலை ஐந்து மணி நேரம் அமர்பவருக்கு இது ஒன்றரை ஆண்டு.

இதனால்தான் ஒரு மேசையில் வைக்கும் தொகையைப் போல 20 முதல் 30 மடங்காவது தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் வீட்டு வாடகைக்கோ, பிள்ளைகளின் கட்டணத்துக்கோ, கடன் தவணைக்கோ தேவைப்படாததாக இருக்க வேண்டும். கடன் வாங்கி ஆடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மேலே சொன்ன ஏற்ற இறக்கம் அவரை முதலில் முடித்துவிடும். இழந்ததை இன்றிரவே மீட்டாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் உடனே எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள். ‘டில்ட்’ எனப்படும் அந்த மனநிலையில் ஒரு மணி நேரம் ஆடியதற்குக் கொடுத்த விலையை, நல்ல ஆட்டம் ஆடிய பல மாலைகளாலும் நான் மீட்க முடியாமல் போனதுண்டு.

டோர்னமென்ட்டிலும் இதே உத்திதானா?

அடிப்படை ஒன்றே. ஆனால் அங்கே பிளைண்டு நேரத்துக்கு நேரம் ஏறும். உங்களிடம் பத்துப் பிக் பிளைண்டு மட்டும் மிஞ்சும்போது, முழுவதையும் உள்ளே தள்ளுவது அல்லது விலகுவது என்ற இரண்டே முடிவுகள் மிஞ்சும்.

கணினிகள் போக்கரை முழுவதும் கண்டுபிடித்துவிட்டனவா?

இருவர் மட்டும் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டமுக்கு ஏறத்தாழ முழுமையான தீர்வை ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்டார்கள். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், இருவர் ஆடும் நோ லிமிட்டில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தெளிவாக வென்றது. அந்த நிரல்கள் யாராலும் சுரண்ட முடியாதபடி ஆட முயல்கின்றன. சிறிய மேசையில் உங்கள் எதிரே இருப்பவர்களோ பெரிய, திருத்தப்படாத தவறுகளைச் செய்பவர்கள். அவற்றைக் கவனித்துப் பயன்படுத்துவதே அங்கே அதிக லாபம் தரும்.

இந்தியாவில் இணையத்தில் பணம் வைத்து ஆடலாமா?

கூடாது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியிருந்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுச் சேவைகள் அனைத்தையும் தடை செய்கிறது. இணைய ரம்மியால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சில பட்ட துயரத்தை அறிந்தவர்கள், இந்தத் தடையைச் சுற்றிச் செல்ல வழி தேட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பணம் வைக்காமல் எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரு சீட்டுக்கட்டும் ஒரு குறிப்பேடும் போதும். மேலே நடத்திப் பார்த்த கையைப் போல, இரண்டு சீட்டை உங்களுக்கு வைத்து, ஃப்ளாப்பைத் திறந்து, உதவும் சீட்டுகளை எண்ணி, பந்தயத் தொகை ஒன்றை நீங்களே வைத்து, கால் செய்வது சரியா என்று முதலில் விடையை எழுதுங்கள். அதன் பிறகே அடுத்த சீட்டைத் திறக்க வேண்டும். நண்பர்களோடு காசில்லாமல் சிப்ஸ் வைத்து ஆடும்போதும், கை முடிந்ததும் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இருக்கை, என்ன விலை, ஏன் அந்த முடிவு. வென்றேனா தோற்றேனா என்பதற்கு என் குறிப்பேட்டில் நான் கட்டமே போடவில்லை. வாரக் கடைசியில் எடுத்துப் படிக்கும்போது, முடிவு தெரியாத அந்தக் கைகளில் எது சரி, எது தவறு என்று மறுபடியும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. விலைக்கணக்கு எனக்குப் பழகியது அப்படித்தான்.